சம்பந்தி சொன்னால் தகைவிலான்

ஜூன் 8, சனி. டூரின், இத்தாலி

நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சென்னியப்பன், அறுபத்து மூன்று, அஞ்சல் துறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு. இன்னும் ஒரு கோடு இருந்திருந்தால் ‘பெண்ணைக் கொடுத்தவன்’ என்றும் எழுதியிருப்பேன். கடந்த நான்கு வருஷமாக அதுதான் எனக்கு முழுநேர வேலை.

கோவையிலிருந்து ஷார்ஜா, ஷார்ஜாவிலிருந்து மிலான், அங்கிருந்து இரண்டு மணி நேரம் பேருந்து. இவ்வளவு தூரத்தில் எனக்கு ஒரு முறைகூட ஜன்னலோரம் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் என் சம்பந்தி தெய்வசிகாமணி அவர்களுக்கு. மாப்பிள்ளையைப் பெற்றவர் நடு இருக்கையில் உட்கார்ந்தால் உலகம் என்ன சொல்லும்? ஈரோட்டில் தறி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். இப்போது கழுத்தில் பைனாகுலர் வைத்திருக்கிறார். ஷார்ஜா விமான நிலையத்தில் அதைக் கழற்றச் சொன்னபோது தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

என் மனைவி வசந்தாமணிக்கு முழங்கால் வலி, அதனால் வரவில்லை. ஐரோப்பா முழுக்கப் படிக்கட்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது எனக்கு ஒரே ஒரு அறிவுரை சொன்னாள். “வாயத் தொறக்காதீங்க. பத்து நாளுதான். அவரு என்ன சொன்னாலும் ஆமாங்கன்னுட்டு வந்துருங்க.”

பேருந்து நிலையத்துக்கு என் மகள் இந்துஜா டிராமில் வந்தாள். மாப்பிள்ளை நவநீதன் தனியாக டாக்சியில் வந்தார். இருவரும் கார் வடிவமைக்கிற வேலை, வேறு வேறு ஆபீஸ், வேலைப்பளுவாம். வீடு மூன்றாவது மாடி. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க மாப்பிள்ளை தம்ளரைத் தேடி நான்கு அலமாரிக் கதவுகளைத் திறந்தார். ஐந்தாவதில் கிடைத்தது. ஆண்பிள்ளைக்குத் தன் வீட்டுச் சமையலறை எப்படித் தெரியும்? எங்களுக்குப் படுக்கையறையை விட்டுக்கொடுத்துவிட்டு இந்துஜா கூடத்து சோபாவில் படுக்கிறாள். மாப்பிள்ளை ஆபீஸ் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கிக்கொள்கிறாராம், நமக்கு நெருக்கடி வேண்டாமே என்று. என்ன பெருந்தன்மை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் ஒரு காப்பிக் கடையின் வெளி மேசையில் உட்கார்ந்தோம். காப்பி என்று கொடுத்தது குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு அளவு. மேசை மேல் ஒரு குருவி வந்து ரொட்டித் தூள் பொறுக்கியது. உச்சந்தலை முழுக்கச் செம்பழுப்பு, கன்னம் பளிச்சென்று வெள்ளை. நம்மூர் ஆண் சிட்டுக்குருவிக்கு உச்சந்தலை சாம்பல் நிறம். இது இத்தாலியச் சிட்டுக்குருவி, வேறு இனம். படத்தில் மட்டுமே பார்த்தது, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

“அட, நம்மூர்ச் சிட்டுக்குருவிதானுங் சம்பந்தி. பாருங், இங்கியும் வந்துருச்சு” என்றார் அவர்.

“ஆமாங்க” என்றேன்.

பிறகு வானத்தில் கீச்சென்ற சத்தம். முப்பது நாற்பது பறவைகள் கட்டிடங்களுக்கு நடுவே கூட்டமாகச் சீறிக்கொண்டு போயின. அரிவாள் போல வளைந்த இறக்கை, கருத்த உடம்பு. உழவாரன். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“தகைவிலானுங்” என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினார். தேதி, இடம், எண்ணிக்கை, தகைவிலான். தகைவிலான் என்பது வேறு பறவை.

“சம்பந்தி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்றேன். சங்குக் காப்பியை ஒரே வாயில் விழுங்கினேன்.

நான் முப்பத்தொரு வருஷமாகப் பறவை பார்க்கிறவன். அவர் இரண்டு வருஷமாக. அவர் மனைவி தவறிய பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார், மகன் பைனாகுலர் அனுப்பினார், இப்படித்தான் ஆரம்பம். முதல் தடவை ஈரோட்டில் கோபுரத்தைச் சுற்றிய உழவாரனைக் காட்டி “தகைவிலானுங்களா?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அன்று ஆமாம் சொன்னது இன்று இத்தாலி வரை வந்திருக்கிறது.

ஏன் சொன்னேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி ஏதோ ஒரு நேரத்தை ராகுகாலம் என்று சொல்ல, என் பெரியப்பா மகன் சபையில் எழுந்து, “அது ராகுகாலம் இல்லீங்க, எமகண்டமுங்க” என்று திருத்தினார். அவர் சொன்னது சரிதான். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் காப்பித் தம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். வசந்தாமணி கார் வரை ஓடிப்போய்க் கெஞ்சி அழைத்து வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். இந்துஜாவின் வாழ்க்கை என் நாக்கில் இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

நாள் முழுக்க மழை. சம்பந்தி மழையிலும் பதினொரு தகைவிலான் பார்த்தார்.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு பேரும் ஆபீஸ் போய்விட்டார்கள். அதாவது இந்துஜா போனாள். மாப்பிள்ளை நண்பர் வீட்டிலிருந்தே போயிருப்பார்.

சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கினேன். தக்காளி தலையணை அளவு இருக்கிறது, புளிப்பு மட்டும் இல்லை. ரசம் வைத்தேன். பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் துணி துவைக்கிற மெஷினைப் போட்டேன். கூடையில் இருந்ததெல்லாம் இந்துஜாவின் துணிதான். மாப்பிள்ளை தன் துணியை வெளியில் கொடுக்கிறார் போலிருக்கிறது. சுத்தமான மனிதர். குளியலறையில்கூட ஒரு சவர பிளேடு இல்லை, அவ்வளவு சுத்தம்.

பால்கனிக் கம்பியில் துணி காயப்போடும்போது சம்பந்தியும் வந்து உதவினார். ஈரத் துணியை உதறி, மடிப்பில்லாமல் இழுத்துப் போட்டார். மனைவி இருந்தவரை துணிக்கூடையைத் தொட்டிருக்க மாட்டார். உழவாரன்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போயின. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கூட்டுக்காரி போனதுக்கப்பறம் வீட்ல பேரு சொல்லிக் கூப்பட ஆளில்லாமப் போச்சுங் சம்பந்தி. காலைல எந்திரிச்சா வாய் அப்படியே கெடக்கும். இப்ப மொட்ட மாடிக்குப் போனா, மைனா, கொண்டலாத்தி, தகைவிலான்னு நாலு பேரு சொல்றனுங். வாய் தொறந்துக்குது.”

அந்தப் பெயர்களில் ஒன்று தவறு. அதைத் திருத்துவதற்கு அது நேரமில்லை என்று எனக்கே தோன்றியது. என் வாழ்க்கையில் எப்போதும் நேரமில்லைதான், இன்று மட்டும் நிஜமாகவே.

இவர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

அவரே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு வழி யோசித்தேன். என் வாயால் சொன்னால்தானே குற்றம்.

பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “ஏனுங் சம்பந்தி, இந்தத் தகைவிலான் எங்கயாச்சும் ஒக்காந்து பாத்தீங்களா?” தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். உழவாரன் கூட்டுக்குள் நுழைவது தவிர எங்கும் உட்காராது, பறந்துகொண்டே தூங்கும். யோசிக்கிற மனிதருக்கு இது போதும்.

சம்பந்தி யோசித்தார். “ஆமாங், ஒக்காந்து பாக்கலீங். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. பாத்துட்டே போலாங்.”

இரண்டே கால் மணி நேரம் பூங்காவை ஒட்டிய டிராம் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புறா உட்கார்ந்தது, காக்கை உட்கார்ந்தது, ஒரு பலூன் வந்து சிக்கியது. கடைசியில் சம்பந்தி நோட்டை எடுத்து எழுதினார். அவருக்கு என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். “இந்த ஊர்த் தகைவிலான், கூச்ச சுபாவம்.”

இரவுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். இந்துஜா அவரிடம் “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்றாள். அவர் “இல்லீங்க, போதுங்க, நீங்க சாப்புடுங்க” என்றார். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் என்ன மரியாதை. நானும் வசந்தாமணியும் இரண்டாவது மாதமே கரண்டியை வீசிக்கொண்டவர்கள். வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஜூன் 13, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

மாலை ஆறு மணிக்கு, வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, கீழே முற்றத்தில் குப்பைத் தொட்டி அருகே ஒரு உழவாரன் விழுந்து கிடந்தது. அடி ஒன்றும் இல்லை. தரையில் விழுந்தால் அதற்கு எழும்ப வராது. சம்பந்தி தன் துண்டில் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி எடுத்து மூன்று மாடி ஏறி பால்கனிக்குக் கொண்டுவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“பாவமுங், களச்சுப் போயிருக்குது. கம்பில ஒக்கார வெச்சா செத்த நேரம் ஆறிட்டுத் தானே பறந்துரும்.”

உழவாரனின் காலில் நான்கு விரலும் முன்பக்கம் பார்த்திருக்கும். சுவரைக் கவ்வலாம், கம்பியில் உட்கார முடியாது. கம்பிக்குக் கீழே மூன்று மாடி, அதற்குக் கீழே கல் தரை. எனக்கு அரை நிமிஷம் இருந்தது. அரை நிமிஷத்தில் ‘வேண்டாங்க’ என்று இருபது முறை சொல்லலாம். நான் துண்டின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வைத்தார். அது அப்படியே சரிந்தது. அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்த இந்துஜா, கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, கிராதிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கைகளைக் குவித்துப் பிடித்துவிட்டாள்.

“மாமா, அது கம்பில ஒக்காராதுங்க. அது தகைவிலான் இல்லீங்க, உழவாரன். நான் மூணாங் கிளாஸ் படிக்கறப்பவே அப்பா சொல்லிக் குடுத்திருக்காரு.” என் பக்கம் திரும்பினாள். “ஏம்ப்பா, உங்களுக்குத் தெரியுமில்ல?”

சம்பந்தியும் என்னைப் பார்த்தார்.

“ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் கண்ணு இருக்கும். மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

“பாத்தியா அம்மிணி, அப்பாவே சொல்றாரு” என்று அவர் சிரித்தார். அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இந்துஜா உள்ளங்கையை விரித்துக் கையை வெளியே நீட்டினாள். பறவை கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு கிடந்தது. பிறகு கையிலிருந்து கீழே பாய்ந்து, முற்றத்தில் ஒரு வளைவு எடுத்து, கூரைக்கு மேலே போய்விட்டது. சம்பந்தி கை தட்டினார்.

சமையலறையில் அவள் தக்காளி நறுக்கினாள். நான் நின்றேன்.

“அது செத்துருக்கும்ப்பா.”

“சாகலியே கண்ணு.”

“நான் புடிச்சதுனால சாகல.” கத்தியைக் கீழே வைத்தாள். “நவநீதன் ஜனவரியிலயே வேற வீடு பாத்துப் போயாச்சு. வக்கீலப் பாத்துட்டோம். போன்ல சொல்ல வேண்டாம், நேர்ல கூப்ட்டுச் சொல்லலாம்னுதான் உங்க எல்லாரையும் வரச் சொன்னோம்.”

என்ன சண்டை என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

“சண்ட போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ‘நீங்க சொன்னா சரிங்க’, ‘இல்லீங்க, உங்க இஷ்டமுங்க’ன்னு மூணு வருஷம் ஓட்டுனோம்ப்பா. அவருக்கு என்ன புடிக்கும், எனக்கு என்ன புடிக்காது, ரெண்டு பேருக்கும் தெரியாது. உங்க ரெண்டு பேரு மாதிரியே மரியாதையா இருந்துட்டோம்.”

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே கண்ணு.”

“உங்ககிட்டயா?” அவள் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “அவரு முன்னாடி ஒரு குருவி பேரத் திருத்த முடியல உங்களால. எனக்காக என்னப்பா பேசியிருப்பீங்க?”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தக்காளி நறுக்கினால் அழுகை வராது என்பதால் சாக்கும் சொல்ல முடியவில்லை. அவள்தான் தண்ணீர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்வதாகத் திட்டமாம். அதற்கு முன்னால் மாமாவுக்கு யாராவது தனியாகச் சொல்லிவிட வேண்டும், சபையில் கேட்டால் உடைந்துபோவார் என்றாள். “நவநீதன் நாலு தடவ ஆரம்பிச்சு, வெயிலப் பத்திப் பேசிட்டு வந்துட்டாரு. நீங்க சொல்லுங்கப்பா.”

சொல்கிறேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

தலைவலி என்று படுத்துக்கொண்டேன். சம்பந்தி இரண்டு தடவை காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வசந்தாமணி போனில், “சம்பந்திகிட்ட ஏடாகூடமா எதும் பேசிடலீங்களே?” என்றாள். இல்லை என்றேன். அதுதான் பிரச்சினை என்று சொல்லவில்லை. அவளுக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். நேரம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஜூன் 15, சனி

போ ஆற்றங்கரையில் நடந்தோம். ஆற்றின் பெயரே ‘போ’. எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே அவை வந்தன. சம்பந்தி பைனாகுலரைக் கண்ணில் வைத்து, “இருவது... இருவத்திரண்டு தகைவிலானுங்” என்றார்.

“சம்பந்தி, அது தகைவிலான் இல்லீங்க.”

சொன்னது நான்தான். அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை.

“உழவாரனுங்க. அன்னைக்கு அம்மிணி சொன்னதுதான் சரி. தகைவிலானுக்கு வால் நீளமாப் பிரிஞ்சிருக்கும், கம்பில ஒக்காரும். இது ஒக்காராதுங்க.”

அவர் பைனாகுலரை மடியில் வைத்தார். நோட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தகைவிலானாக அடித்துப் பக்கத்தில் உழவாரன் என்று எழுத ஆரம்பித்தார். அவர் கையெழுத்து பெரிது, நேரமானது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேற ஏதாச்சும் தப்பா எழுதியிருக்கறனுங்களா?”

“அந்தச் சிட்டுக்குருவியும் நம்மூர்து இல்லீங்க. இத்தாலியச் சிட்டுக்குருவி, வேற ஜாதி.”

அதையும் திருத்தினார். “வேறயுங்?”

அப்போது சொன்னேன். பிள்ளைகள் பிரிந்து ஐந்து மாதமாகிறது, வக்கீலைப் பார்த்தாகிவிட்டது, சண்டை ஒன்றும் இல்லை, நாளைக்குச் சொல்லப்போகிறார்கள். நான்கு வாக்கியம். முன்பே இவ்வளவு சுலபமாக வந்திருக்கலாம்.

அவர் பேனாவை மூடினார். “கீழ அழைப்பு மணிக்குப் பக்கத்துல பேரு ஒட்டியிருக்குதில்லீங், அதுல அம்மிணி பேரு மட்டுந்தான் இருக்குது. பையன் பேரு சொரண்டுன எடம் வெள்ளையாத் தெரியுது. மொத நாளே பாத்தனுங்.”

முப்பத்தாறு வருஷம் விலாசம் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தப் பலகையை ஒரு வாரமாகத் தினம் நாலு தடவை கடந்து போயிருக்கிறேன்.

“ஏனுங் ஒண்ணுஞ் சொல்லல?” என்றேன்.

“நீங்க பொண்ணக் குடுத்தவரு. உங்களுக்குத் தெரியாம இருந்தா, என் வாயால கேட்டு நீங்க நொந்து போயிரக் கூடாதுன்னுதானுங்.” கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். எனக்கு அவர் தோளில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. சம்பந்தி தோளில் கை வைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வைத்தேன்.

அவர் கையைத் தள்ளிவிடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது முகம் மாறியிருந்தது.

“ஈரோட்ல கோபுரத்துல காட்டுனனே, அதுங்?”

“அதுவும் உழவாரனுங்க.”

“ரெண்டு வருசமுங். கண்டவங்கிட்டெல்லாம் தகைவிலான் தகைவிலான்னு காட்டியிருக்கறன். பேரப் புள்ளைங்க மாதிரி எண்ணி எண்ணி எழுதியிருக்கறன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டிட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு இருந்திருக்கீங்க.”

“சிரிக்கலீங்க.”

“சிரிச்சீங்க.”

சிரித்தேன்தான். இந்த நோட்டின் முன்பக்கங்களே சாட்சி.

எழுந்து எனக்கு முன்னால் நடந்தார். மகன் குடும்பம் பிரிந்ததற்கு என் மேல் அவருக்குத் துளிக் கோபம் இல்லை. பறவைக்காக வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். மாப்பிள்ளை அழுதார். இந்துஜா அவருக்குத் தண்ணீர் நகர்த்தி வைத்தாள். சம்பந்தி எழுந்துபோய் இந்துஜாவின் தலையில் கை வைத்து, “எங்கூட்டுப் பொண்ணு நீ, அது மாறாது அம்மிணி” என்றார். என்னைப் பார்க்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 18, செவ்வாய். கோவை

விமானத்தில் இந்தத் தடவை எனக்கு ஜன்னலோரம். அவரே நடுவில் உட்கார்ந்துகொண்டார், ஒரு வார்த்தை சொல்லாமல். என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான ஜன்னலோரம் கிடைத்ததில்லை.

கோவையில் இறங்கியதும் அவருடைய கார் வந்து நின்றது. வழக்கமாக “வரட்டுங்களா சம்பந்தி” என்பேன். “வரட்டுங்களா” வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் தலையை அசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

ஜூலை 7, ஞாயிறு

வசந்தாமணி மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை, அல்லது ஒரே விஷயத்தைப் பேசுகிறாள். “நீங்க வாயத் தொறந்ததுனாலதான்” என்று ஆரம்பிக்கிறாள். பிரிந்தது ஜனவரியில், நான் வாயைத் திறந்தது ஜூனில் என்று தேதி போட்டு விளக்கினேன். அஞ்சல் துறையில் இருந்தவனுக்குத் தேதிதான் பலம். அவளிடம் எடுபடவில்லை.

உறவினர்கள் முடிவு செய்துவிட்டார்கள், இனி அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. நிச்சயதார்த்தத்தில் எமகண்டத்தைத் திருத்திய பெரியப்பா மகன் நேரில் வந்து ஆறுதல் சொன்னார். “அன்னைக்கே கெளம்பிப் போனவங்கள விட்டிருக்கோணும்” என்றார். அது தவறு என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். இப்போதெல்லாம் எனக்கு அது பழகிக்கொண்டு வருகிறது.

இந்துஜாவை ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறேன். இன்றைக்கு, “தனியா இருக்கறது கஷ்டமா இருக்குதா கண்ணு?” என்று நேராகவே கேட்டேன். முன்பெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பேன். அவள் “சாயங்காலம் கஷ்டமா இருக்கும்ப்பா” என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் பேசினாள். நான் ஆமாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஈரோட்டுக்கு, அவருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை ஆறரைக்கு வாசலில் சத்தம். வசந்தாமணி கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கோலப்பொடி கையோடு நிமிர்ந்து, “வாங்க...” என்றாள். அதோடு நின்றுவிட்டாள். நான்கு வருஷமாக அந்த ‘வாங்க’வுக்குப் பின்னால் ஒரு வார்த்தை இருந்தது. இப்போது அதைச் சொல்வதா, அண்ணா என்பதா, வெறும் பெயரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பெண் கொடுத்தால் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அது முறிந்தால் அந்த மனிதரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தமிழில் யாரும் யோசித்து வைக்கவில்லை.

ஈரோட்டிலிருந்து முதல் பேருந்தில் வந்திருக்கிறார். கழுத்தில் பைனாகுலர், தோளில் ஒரு பை. இளைத்திருந்தார்.

“சிங்காநல்லூர்க் கொளத்துக்குப் போலாம்னு வந்தனுங். கூட வர்றீங்களா?”

“போன்ல கேட்டிருக்கலாமுங்களே.”

“போன்ல கேட்டா, ஒடம்பு சரியில்லீங்கன்னு மரியாதையாச் சொல்லிருவீங்க.”

வசந்தாமணி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே முழுதும் குடித்தார். தம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ரெண்டு மாசம் யோசிச்சுப் பாத்தனுங். ஊர்ல எங்கூடப் பறவை பாக்க எட்டுப் பேரு இருக்கறாங்க. நான் எதக் காட்டி என்ன சொன்னாலும் ஆமாங்கறாங்க. சித்தப்பன் மகன், தம்பி மாப்பிள்ள, எல்லாஞ் சொந்தம். தப்புன்னா தப்புன்னு சொல்ல ஒரு ஆளு வேணுமுங்.” பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார். “நீங்க இப்பச் சொந்தமில்லீங்களே.”

அவள் கையில் தம்ளர் அப்படியே நின்றது. நான் உள்ளே போய்ச் செருப்பும் பைனாகுலரும் எடுத்துக்கொண்டு வந்தேன். வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் நின்றபோதுதான் கவனித்தேன், சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். ஒரு பக்கம் கழுத்தில் ஏறி, ஒரு பக்கம் வேட்டியில் தொங்கியது. ஈரோட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் அப்படியே வந்திருக்கிறார். கண்டக்டர் பார்த்திருப்பார், பக்கத்துச் சீட்டுக்காரர் பார்த்திருப்பார், வீட்டில் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

சொன்னேன்.